சீனியர் சிட்டிசன் குடியிருப்புக்கு வந்த பிறகு புது நட்பு: உங்கள் அனுபவம்?

வடவள்ளி அக்கா:
மாம்பலத்தை விட்டுக் கோவைக்கு வந்தோம், மருதமலை அடிவாரம் பக்கம். இந்த மாதிரி இடங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பொதுச் சாப்பாட்டுக் கூடம், சின்னக் கோயில், நடைபாதை, மாதம் பிறந்தால் மெயின்டனன்ஸ். அதிலெல்லாம் குறை இல்லை. எனக்கு உறுத்துவது ஒரு மதியச் சாப்பாடு.

இங்கே யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "பசங்க எங்க இருக்காங்க?" என்பதுதான். பெயர், ஊர் எல்லாம் அப்புறம். அன்றைக்கு எதிரில் இருந்த அம்மா, டல்லாஸில் இருக்கும் பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றப் படங்களைப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். என்னிடமும் அதையே கேட்டார். "எங்களுக்குக் குழந்தைங்க இல்லைங்க" என்றேன். சட்டென்று போனைக் கவிழ்த்து மோர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "ரசம் இன்னைக்கு நல்லா இருக்குல்ல?" என்றார்.

என் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார், அது புரிகிறது. ஆனால் எனக்கு அந்தப் படங்களைப் பார்க்க அவ்வளவு ஆசை. நானும் சின்ன வயதில் நாட்டியம் கற்றவள். அதைச் சொல்வதற்குள் பேச்சு ரசத்துக்குப் போய்விட்டது. இன்றும் பார்த்தால் சிரிக்கிறார், உடம்பு எப்படி என்று விசாரிக்கிறார். என் முன்னால் மட்டும் பேத்தி பேச்சை எடுப்பதே இல்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மணியார்டர்:
எனக்கு நட்புக் கிடைத்தது நவம்பர் மாதத்தில். பென்ஷன்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம், உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் கொடுக்கும் லைஃப் சர்டிபிகேட்தான். நம் வயதில் ரேகை தேய்ந்திருக்கும், விரலை எத்தனை முறை வைத்தாலும் மிஷின் ஏற்காது. முகத்தைக் காட்டியே போனில் முடிக்கலாம் என்று 2021-ல் வந்தது பெரிய உதவி. எனக்கு அது பழகிவிட்டதால் பிளாக்கில் ஆளாளுக்கு ஆதார் கார்டோடு வந்து நிற்பார்கள்.

அதில் ஒரு பாட்டி, குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர். காது மந்தம் என்பதால் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக் கேட்டேன். பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆணை எண்), வங்கிக் கணக்கு, அடுத்தது மறுமணம் ஆகிவிட்டதா என்ற கேள்வி. அதையும் அதே குரலில் கேட்டேன். வராண்டாவில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். பாட்டி என்னையே பார்த்தார்.

"பேங்க்ல அந்தப் பையனே 'இல்லை'ன்னு போட்டுருவான். என்கிட்ட வாய்விட்டு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். அப்புறம் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ரயில்வேயில் கார்டு, போத்தனூரில் வேலை, ராத்திரி டியூட்டிக்குப் போகும்போது தயிர்சாதத்தில் மாவடுவை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பது வரை சொன்னார். வரிசையில் நின்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு வேறு யாருக்கும் சர்டிபிகேட் போடவில்லை.

மூன்றாவது மாடி:
வடவள்ளி அக்கா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பின் தெரியாதவரிடம் எதையாவது கேட்டுத்தானே பேச்சைத் தொடங்க முடியும்? "பசங்க எங்க?" என்பதில் தப்பே இல்லை. என் விஷயம் சுருக்கம்: படிப்பறையில் தினமணியின் நடுப்பக்கத்துக்காக ஒருவரோடு சண்டை வந்தது, இப்போது அவரோடுதான் பேரூர் கோயிலுக்குப் போகிறேன்.

புதிதாக வருபவர்களுக்குச் சில விஷயங்கள். வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் வந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், அப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இடமே கலகலவென்று இருக்கும். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வாருங்கள், யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். சாப்பாட்டை அறைக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். காதுக் கருவி வைத்திருப்பவர்கள் கூடத்தின் நடுவில் உட்காரக் கூடாது. ஓரமாக, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி உட்கார்ந்தால் பாத்திரச் சத்தம் குறையும், எதிரில் பேசுபவர் குரல் கேட்கும். பதில் சொல்லாததால் கர்வம் பிடித்தவர் என்று பெயர் வாங்கிய பலருக்கு உண்மையில் காதுதான் கேட்கவில்லை. கணவன் மனைவியில் ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு வீடு தொடருமா, டெபாசிட் எப்போது திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் வரி வரியாகப் படியுங்கள்.

குழித்துறை டீச்சர்:
மூன்றாவது மாடி ஐயா, வீடு வாங்குவது எப்படி என்று அக்கா கேட்கவில்லை. கவிழ்த்து வைத்த போனைப் பற்றிச் சொன்னார். அது எனக்குப் புரிகிறது.

எங்கள் இடத்தில் காலையில் எல்லாரும் கூடத்தில் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்வார்கள். நான் கிறிஸ்தவள், அந்த நேரத்தில் தனியாக நடப்பேன். போன நவராத்திரிக்கு எதிர்வீட்டு மாமி கொலுவுக்குக் கூப்பிட்டு, "நீங்களும் ஒண்ணு பாடுங்கோ" என்றார். எனக்குத் தெரிந்தது எங்கள் சபையில் பாடும் கீர்த்தனைதான். தயங்கித் தயங்கித் தொடங்கினேன். இரண்டாவது அடியிலேயே மாமியின் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. முடித்ததும், "சங்கராபரணம்! இன்னொரு தடவை பாடுங்கோ" என்றார். அதிலிருந்து சாயங்காலம் என்றால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருப்போம்.

போன மாதம் மாமி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இதே வளாகத்தில் இருக்கும் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்கப் போனேன். நர்ஸ் நோட்டை நீட்டினார்: பெயர், வீட்டு எண், நோயாளிக்கு என்ன உறவு. ஃப்ரெண்ட் என்று எழுதினேன். "சொந்தக்காரங்க மட்டும்தான்மா" என்று நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். உள்ளே மாமி இருமுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

மூன்றாவது மாடி:
இது அநியாயம். மாமிக்குச் சுயநினைவு இருக்கிறதல்லவா? யார் வந்து பார்க்கலாம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பிள்ளைகளிடமும் பேசுங்கள். அப்படியும் மறுத்தால் 14567, முதியோருக்கான எல்டர்லைன். காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் கிடையாது.

வடவள்ளி அக்கா:
டீச்சர், மாமியோட பசங்க எங்க இருக்காங்க?

குழித்துறை டீச்சர்:
மகள் மெல்போர்னில். நம்பர் என்னிடம் இல்லை, ஆபீசில் தர மாட்டேன் என்கிறார்கள்.

மணியார்டர்:
மாமி மத்திய அரசு பென்ஷனா? அப்படியென்றால் சர்டிபிகேட்டுக்கு யாராவது போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். 80 தாண்டியிருந்தால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1-லேயே செய்யலாம். அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

குழித்துறை டீச்சர்:
ஆமாம், ஏஜீஸ் ஆபீசில் (மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம்) இருந்தவர், வயது 81. எந்த ஆப், எப்படிப் போடுவது என்று சொல்லித் தாருங்கள்.