ஹட்டனுக்குப் புதுசு: ஆட்டோகிராஸுக்கும் தினசரி ஓட்டத்துக்கும் எந்த டயர்?

கோவைக்காரன்
வணக்கம்ங்க. கோயம்புத்தூர்ல இருந்து இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலை ஃபேக்டரி வேலைக்கு வந்து மூணு வாரம். அடுத்த ஞாயிறு ஆட்டோகிராஸுக்கு, அதான் ஒவ்வொரு வண்டியா நேரம் பார்த்து ஓட்டுற போட்டிக்கு, பேர் குடுத்துட்டேன். முன் டயர் ரெண்டும் வழுக்கையாயிடுச்சு, மழையில திருப்பினா வண்டி நேரா இழுக்குது. வேலைக்கும் இதே வண்டிதான். எந்த டயர் வாங்கட்டும்? அவசரம்.

டிக்கோயா
தம்பி, டயர் கிடக்கட்டும். புதுசா வர்றவங்கள மொத மாசங்கள்ல வாட்டுறது குளிரும் பனிமூட்டமும்தான். வைப்பர் ரப்பர மாத்துங்க. கண்ணாடிக்கு உள்ள ஆவி படிஞ்சா ஏசிய போடுங்க. மூட்டத்துல ஹைபீம் வேணாம், வெளிச்சம் திரும்பி உங்க கண்ணுலயே அடிக்கும்.

நானுஓயா
ட்ரெட்வேர், அதான் எவ்வளவு மெதுவா தேயும்னு டயர்ல போட்டிருக்கிற நம்பர், 200 உள்ளதா போடுங்க. ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதுக்குள்ள சூடேறிப் பிடிக்கிற ரப்பர்தான் வேணும். காடியே இல்லாத ஸ்லிக் ரேஸ் டயர் சூடேறுறதுக்குள்ள ஓட்டமே முடிஞ்சிரும்.

பண்டாரவளை அக்கா
தினமும் மழையில ஓட்டுற வண்டிக்கா? அந்த வகையில காடி கம்மி, ஆழமும் கம்மி. பாதி தேஞ்சதுமே ரம்பொடை இறக்கத்துல தண்ணி நிக்கிற இடத்துல மிதக்கும். ஒரே செட்டுன்னா ட்ரெட்வேர் 300–340 உள்ள சம்மர் பெர்ஃபாமன்ஸ் டயர் போதும். அந்த நம்பரையும் கம்பெனியேதான் சோதிச்சுப் போடுது. ரெண்டு கம்பெனி நம்பர ஒப்பிட்டு முடிவெடுக்காதீங்க.

டிக்கோயா
மலை ஏறினா டயர்ல காத்தழுத்தம் கூடும், குறைச்சு அடிங்க.

நானுஓயா
குளிர்ல குறையும், கூட அடிக்கணும்.

பண்டாரவளை அக்கா
ரெண்டும் சரி. கொழும்புல 32 பி.எஸ்.ஐ. அடிச்சிட்டு 1868 மீட்டர்ல இருக்கிற நுவரெலியாவுக்கு வந்தா, வெளியழுத்தம் குறையறதால மூணு ஏறும், குளிர்ல ரெண்டு ரெண்டரை இறங்கும். காலையில வண்டி எடுக்குமுன்ன இங்கயே அளந்தா தீர்ந்துச்சு.

டிக்கோயா
எதைப் போட்டாலும் இந்தக் குழியில ரிம் வளையும். வண்டிய மாத்தலாம்னா, 2020ல இருந்து 2025 வரைக்கும் இறக்குமதி நின்னதுல பழைய வண்டிக்கே தங்க விலை ஆயிடுச்சு.

பண்டாரவளை அக்கா
கேட்டதுக்கு வருவோம். தம்பி, என்ன வண்டி? பக்கச்சுவர்ல என்ன அளவு? போட்டித் தடம் தாரா, மண்ணா? தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் மாதிரி மண் தடம்னா மேல சொன்ன எதுவும் உதவாது, அதுக்குக் கட்டை கட்டையா ரப்பர் இருக்கிற சரளை டயர் வேணும்.

கோவைக்காரன்
ஸ்விஃப்ட், 185/65 R15. தார்தான், கோன் வச்சு. ரெண்டு டயருக்குத்தான் காசு இருக்குங்க.

பண்டாரவளை அக்கா
அப்போ பின்னால இருக்கிறதுல காடி நல்லா இருந்தா முன்னுக்கு மாத்துங்க, புதுசு ரெண்டும் பின்னுக்கு. முன்வீல் இழுக்கிற வண்டிக்கும் அப்படித்தான். ஈரத்துல பின்பக்கம் வழுக்கினா புதுக் கை திருப்பி எடுக்கிறது கஷ்டம். இருக்கிற டயரோட அளவையே வாங்குங்க. நாலும் மாத்துற நாள்ல 195/60 R15 போடலாம், உயரம் ஒரு சதவீதம்தான் குறையும். பக்கச்சுவர்ல நாலு இலக்கத் தேதிய பாருங்க: 3524ன்னா 2024ல 35வது வாரம்.

இன்னைக்கே பூட்டுங்க. புது டயர் மேல, அச்சுல ஒட்டாம இருக்கத் தடவின வழவழ பூச்சு இருக்கும், 200 கிலோமீட்டராவது மெதுவா ஓடினாத்தான் போகும். 50 கிலோமீட்டர்ல வீல் நட்டு மறுபடி இறுக்கணும்.

ஞாயிறு ஓட்டத்துக்கு, கதவு ஸ்டிக்கர்ல உள்ளதைவிட முன் டயர்ல 4 பி.எஸ்.ஐ. கூட்டுங்க. டயரோட தோள்ல, அதான் ட்ரெட்டும் பக்கச்சுவரும் சேர்ற ஓரத்துல, சாக்பீஸ் கோடு போடுங்க. ஓடி முடிச்சதும் பாருங்க: தோள்ல இருக்கிற சின்ன முக்கோணக் குறிக்கு வெளியவும் கோடு அழிஞ்சா 2 ஏத்துங்க, குறிவரைக்கும் அழியலைன்னா 2 இறக்குங்க. வீட்டுக்குக் கிளம்புமுன்ன டயர் ஆறினதும் பழைய அளவுக்குக் கொண்டுவந்துருங்க.