மெக்கானிக்ஸ் அரியரையும் ஸ்ட்ரெங்த்தையும் ஒரே செமஸ்டரில் எழுதலாமா?

பீளமேடு பையன்: மூன்றாம் செமஸ்டரில் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் போய்விட்டது. நாலாவதில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். ரெண்டையும் சேர்த்து எழுதுகிறேன். சீனியர்கள் சும்மா பயமுறுத்துகிறார்கள், ஸ்ட்ரெங்த்துக்கு மெக்கானிக்ஸே தேவையில்லை. இரண்டு முனையிலும் தாங்கிய 6 மீட்டர் பீம், 30 கிலோநியூட்டன் சுமை. டபிள்யூ எல் பை 4, அதாவது சுமையை நீளத்தால் பெருக்கி 4ஆல் வகுத்தால், பெண்டிங் மொமெண்ட் (பீமை வளைக்கும் திருப்புத்திறன்) 45 கிலோநியூட்டன் மீட்டர். அவ்வளவுதான்.

நாமக்கல் சேசிஸ்: சுமை எந்த இடத்தில் என்று சொல்லாமலே 45ஆ? இடது முனையிலிருந்து 2 மீட்டரில் வைத்துப் பாருங்க. முனையில் இருக்கும் தாங்கி பீமை மேலே தள்ளும் விசைதான் ரியாக்‌ஷன். இடது ரியாக்‌ஷன் 20, வலது 10. சுமைக்குக் கீழே 20 × 2 = 40. நடுவில் வைத்தால்தான் 45. இந்த ரியாக்‌ஷன் எங்கிருந்து வந்தது? நீங்க கோட்டை விட்ட மெக்கானிக்ஸிலிருந்து.

பீளமேடு பையன்: அதற்கும் ஃபார்முலா இருக்கிறதுங்க. டபிள்யூ ஏ பி பை எல்; ஏ, பி என்பது சுமைக்கும் இரண்டு முனைகளுக்கும் உள்ள தூரம். 30 × 2 × 4 ÷ 6 = 40. மனப்பாடம் செய்தால் போதும்.

நாமக்கல் சேசிஸ்: அப்போ 45 தப்புதானே? அதை முதலில் சொல்லுங்க. பீம் ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு, அதன்மேல் இரண்டு மூன்று சுமை இருந்தால் எந்த ஃபார்முலாவைத் தேடுவீங்க? லாரி பாடி கட்டும் பட்டறையில் 11 வருஷமாக இருக்கிறேன். 100க்கு 200 மில்லிமீட்டர் கட்டையை நிறுத்தி வைத்தால் இந்த 40க்கு ஸ்ட்ரெஸ் (ஓர் அலகு பரப்பில் வரும் உள்விசை) 60 மெகாபாஸ்கல், படுக்க வைத்தால் 120. ஏன் இரண்டு மடங்கு என்பது மொமெண்ட் ஆஃப் இனர்ஷியாவில், அதாவது குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற கணக்கில் இருக்கிறது. அதுவும் மெக்கானிக்ஸ் பாடம்தான்.

ஈரோடு டிப்ளமோ: நாங்கள் பாலிடெக்னிக்கில் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நேராக இரண்டாம் வருஷம் வந்தோம். பிளஸ் டூ முடித்து வந்தவர்கள்தான் ரியாக்‌ஷனில் தடுமாறுவார்கள்.

பீளமேடு பையன்: மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் உங்கள் ஆட்கள் எத்தனை பேர் அரியர் வைத்தார்கள் என்று என் வகுப்புக்கே தெரியும். பெருமை வேண்டாம்.

ஈரோடு டிப்ளமோ: இருக்கட்டும். 45 என்று எழுதியது நான் இல்லை.

பொள்ளாச்சி அக்கா: தம்பி, மெக்கானிக்கல் பிரிவில் நாலாவதில் தியரி ஆஃப் மெஷின்ஸும் (இயந்திர உறுப்புகளின் இயக்கம் பற்றிய பாடம்) வருகிறதே, பார்த்தீங்களா? மெக்கானிக்ஸின் பின்பாதியில் வரும் வேகம், முடுக்கம் எல்லாம் அங்கே வேண்டும். எனக்கு அரியர் ஒன்று, அதை நம்பிய பாடம் இரண்டு என்று ஆகிவிட்டது. பரீட்சைக்கு முந்தின ரெண்டு வாரம் தூக்கமே இல்லை.

நாமக்கல் சேசிஸ்: அக்கா, அது அப்புறம். ஏற்றம் இறைத்த எங்கள் தாத்தாவுக்குக் கூட எந்த நுனியில் எவ்வளவு பாரம் வைத்தால் சால் மேலே வரும் என்று தெரியும். தம்பி 45க்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பீளமேடு பையன்: நான் மனதில் வைத்தது நடுவில் இருக்கும் சுமை. நடுவில் 45 சரிதான்.

நாமக்கல் சேசிஸ்: நடு என்று நீங்க எழுதவே இல்லை. மேலே போய்ப் படிச்சுப் பாருங்க.

ஈரோடு டிப்ளமோ: எழுதவில்லை. நானும் பார்த்தேன்.

பீளமேடு பையன்: ரெண்டையும் எழுதத்தான் போகிறேன். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

நாமக்கல் சேசிஸ்: போடுங்க. 45க்கும் பதில் போடுங்க.