"நன்றி" என்று போட்டால் போதுமா? நாளிதழ்க் கட்டுரையை மறுபதிப்புச் செய்ய அனுமதி

ஆற்றுமணல்:
எங்கள் வாசகர் வட்டம் ஆறுகள் பற்றி ஒரு தொகுப்பு கொண்டுவருகிறது. 300 பிரதிகள், விற்பனைக்கு அல்ல. நாளிதழ்க் கட்டுரை ஒன்றை, அதிலுள்ள படத்தோடு முழுதாகச் சேர்க்க ஆசை. கீழே "நன்றி" என்று இதழின் பெயரைப் போட்டால் போதும் என்கிறார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய மேசை:
உங்கள் மனம் சொல்வதே சரி. ஒரு நாளிதழில் அனுமதிக் கடிதங்களைப் படிக்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். நன்றி வேறு, அனுமதி வேறு. விற்காவிட்டாலும் முழுக் கட்டுரைக்கு அனுமதி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டியதில்லை. அணை திறக்கப்பட்டது என்ற தகவல் யாருக்கும் சொந்தமில்லை; பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையே அன்றாடச் செய்திக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. அதை எழுதிய நடைதான் பதிப்புரிமைக்குள் வரும். தேவையான அளவு மேற்கோள் காட்டி, எழுதியவர் பெயரையும் இதழின் பெயரையும் குறிப்பிடுவதை அதே உடன்படிக்கையின் 10-வது பிரிவு ஏற்கிறது.

"உங்கள் கட்டுரையைப் பயன்படுத்தலாமா?" என்று ஒரே வரியில் வரும் கடிதங்களுக்கு என்னால் பதில் சொல்லவே முடிந்ததில்லை. எந்தக் கட்டுரை? எந்தத் தேதி? முழுதா, பகுதியா? எத்தனை பிரதி? இணையத்திலும் ஏற்றுவீர்களா? இதைத் திரும்பக் கேட்பதற்குள் அச்சுக்குப் போகும் நாள் வந்துவிடும். எனவே எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள்.

படத்தைத் தனியாகப் பாருங்கள். அடியில் செய்தி நிறுவனத்தின் பெயர் இருந்தால், பெரும்பாலும் இதழால் அனுமதி தர முடியாது. வெளியார் எழுதிய கட்டுரையாக இருந்தால் உரிமை எழுதியவரிடமே இருக்கலாம்; அதையும் கேளுங்கள்.

கரையோரம்:
கட்டுரையின் அடியில் உரிமக் குறிப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். கல்வியாளர்கள் எழுதும் தி கான்வர்சேஷன் போன்ற இணையத் தளங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே தரும் பொது அனுமதியில், மறுபதிப்பை அனுமதிக்கின்றன. ஆனால் கான்வர்சேஷனின் உரிமத்தில் மாற்றம் கூடாது, மொழிபெயர்ப்பும் மாற்றமே.

ஆற்றுமணல்:
இருவருக்கும் நன்றி. உரிமக் குறிப்பு எதுவும் இல்லை. படத்தின் அடியில் செய்தி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, அதை விட்டுவிட்டோம். தேதி, பிரதி எண்ணிக்கை எல்லாம் எழுதி இன்று கடிதம் அனுப்பினேன். பதில் வரும்வரை அந்தக் கட்டுரைக்கு ஒதுக்கிய நான்கு பக்கங்கள் காலியாகவே இருக்கும்.