அரைல் குளோரைடுடன் சுசூகி வினை: எலக்ட்ரான் கொடை ஒன்றாகவே இருக்கும்போது இரண்டு பாஸ்பீன்கள் ஏன் வேறுவிதமாக நடக்கின்றன?

கேள்வி – வேதிமாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கரிம உலோக வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். 4-குளோரோஅனிசோலையும் (பென்சீன் வளையத்தில் குளோரின் பிணைந்த ஓர் அரைல் குளோரைடு) பினைல் போரானிக் அமிலத்தையும் பல்லேடியத்தின் துணையால் இணைக்கும் சுசூகி–மியாவ்ரா வினையை, டொலுயீனில், பொட்டாசியம் பாஸ்பேட்டைக் காரமாக இட்டுச் செய்து பார்க்கிறேன். நான்கு டிரைபினைல்பாஸ்பீன்களைத் தாங்கிய வழக்கமான பல்லேடியம் அணைவை வினையூக்கியாகப் பயன்படுத்தினால், இரவு முழுதும் சூடாக்கிய பின்பும் டி.எல்.சி. (மென்படல நிறப்பிரிகை) தட்டில் குளோரைடின் புள்ளி அப்படியே நிற்கிறது. குளோரைடுக்குப் பதிலாக 4-புரோமோஅனிசோலை எடுத்தால் அதே நிலைமைகளில் வினை முடிந்துவிடுகிறது.

பிணைப்பு வலிமை ஒரு காரணம் என்பது தெரியும்: பினைல் வளையத்தில் கார்பன்–குளோரின் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 96 கிலோகலோரி வேண்டும், புரோமினுக்கு 81, அயோடினுக்கு 65 போதும். ஆகவே எலக்ட்ரானை மிகுதியாக வழங்கும் ஈனியை (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு; இங்கே பாஸ்பீன்) போட்டால், உலோகம் தன் எலக்ட்ரான் அடர்த்தியைக் கார்பன்–குளோரின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் செலுத்தி அதை முறிக்கும் என்று நூல்கள் சொல்கின்றன. என் குழப்பம் இங்குதான் தொடங்குகிறது. நிக்கல் டிரைகார்பனைல் அணைவில் கார்பன் மோனாக்சைடின் நீட்சி அதிர்வெண்ணைக் கொண்டு டோல்மன் வகுத்த எலக்ட்ரான் அளவீட்டில் (எண் குறையக் குறையக் கொடை மிகுதி), டிரைபினைல்பாஸ்பீனுக்கு 2068.9 செ.மீ⁻¹, டிரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீனுக்கு 2056.4, டிரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீனுக்கு 2056.1. கடைசி இரண்டும் கொடையில் ஒன்றேதான். ஆனால் இவை இரண்டும் வேறுவேறு வினைத்திறனையும் தேர்வுத்திறனையும் காட்டுகின்றன என்று எங்கள் ஆய்வகத்து மூத்தவர்கள் சொல்கிறார்கள். கொடைதான் முதன்மை என்றால், எலக்ட்ரான் செறிந்த ஒரு கொடுக்கிணைப்பு ஈனியைப் போட்டு இரண்டு பாஸ்பரஸ்களையும் உலோகத்தில் இறுகப் பிடித்து வைப்பதே சிறந்த வடிவமைப்பாக இருக்க வேண்டாமா?

பதில் – குடுவை

வேதிமாணவி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எடுத்துவைத்த எண்களுக்குப் பக்கத்தில், அதே டோல்மன் 1977ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொகுத்த கூம்புக் கோணங்களையும் வைத்துப் பாருங்கள். உலோகத்திலிருந்து 2.28 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் பாஸ்பரஸ் இருப்பதாகக் கொண்டு, உலோகத்தை உச்சியாக வைத்து, ஈனியின் வெளி அணுக்களைத் தொட்டபடி வரையப்படும் கூம்பின் கோணம் அது. டிரைமெத்தில்பாஸ்பீனுக்கு 118 டிகிரி, டிரைபினைலுக்கு 145, டிரைசைக்ளோஹெக்சைலுக்கு 170, டிரை-டெர்ட்-பியூட்டைலுக்கு 182. கொடையில் ஒன்றாக இருக்கும் அந்த இரண்டு ஈனிகளும் பருமனில் ஒன்றல்ல. அந்த 12 டிகிரி வேறுபாடு தோற்றத்தைவிடப் பெரியது. சைக்ளோஹெக்சைல் வளையங்கள் சுழலக்கூடியவை; நெரிசலான பேருந்தில் தோளைத் திருப்பி அடுத்தவருக்கு இடம் விடுபவரைப் போல அவை ஒன்றுக்கொன்று ஒதுங்கிக்கொள்ளும். டெர்ட்-பியூட்டைல் தொகுதியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே பருமன்தான்.

இதனால் மாறுவது, வினை நிகழும் கணத்தில் பல்லேடியத்தின்மேல் எத்தனை ஈனிகள் இருக்கின்றன என்பது. உங்கள் டிரைபினைல்பாஸ்பீன் அணைவில் 18 எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. கரைசலில் ஒரு ஈனி எளிதாகவும் இரண்டாவது அரிதாகவும் விலகிய பிறகே அரைல் ஹாலைடு நெருங்க முடியும். டிரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீனோ இரண்டுக்கு மேல் பல்லேடியத்தில் ஏறுவதே இல்லை. அந்த இரண்டிலும் ஒன்று விலகினால், ஒரே பாஸ்பீனைத் தாங்கிய 12 எலக்ட்ரான் பல்லேடியம் கிடைக்கிறது. கொடை, பிணைப்பை முறிக்கும் படியின் ஆற்றல் தடையைத் தாழ்த்துகிறது. பருமனோ, அந்தத் தடையின் முன்னால் வந்து நிற்கத் தகுந்த அணைவு கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. டிரை-ஆர்த்தோ-டோலைல்பாஸ்பீனின் கூம்புக் கோணம் 194 டிகிரி. ஹெக் வினையிலும் (ஆல்கீனை வளையத்தோடு இணைப்பது), புரோமைடுகளைக் கொண்ட தொடக்ககால அமினேற்ற வினைகளிலும் (அமீனை வளையத்தோடு இணைப்பவை) அது நன்றாகவே உழைத்தது. ஆனால் அதன் கொடை குறைவு என்பதால் எலக்ட்ரானை இழுக்கும் தொகுதியால் செயலூக்கம் பெறாத குளோரைடுகளிடம் அது எடுபடவில்லை. டிரைமெத்தில்பாஸ்பீனுக்கு நேர்மாறான சிக்கல்: நல்ல கொடையாளி, ஆனால் சிறியது, உலோகத்தைச் சுற்றிலும் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு ஈனிகளும் உண்மையில் வேறுவிதமாக நடப்பதை மிகத் தெளிவாகக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் ஃபூவின் குழு, ஒரே வளையத்தில் ஒரு முனையில் குளோரினும் மறுமுனையில் டிரைஃபிளேட்டும் (ஒரு சல்போனேட் தொகுதி) கொண்ட 4-குளோரோபினைல் டிரைஃபிளேட்டை எடுத்து, ஒரு போரானிக் அமிலத்துடன் வினைப்படுத்தியது. டிரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீனுடன் குளோரின் இருந்த முனை இணைந்தது, டிரைஃபிளேட் தங்கியது. டிரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீனுடன் டிரைஃபிளேட் முனை இணைந்தது, குளோரின் தங்கியது. டிரைஃபிளேட்டே எளிதில் வெளியேறும் தொகுதி என்று நம்பியிருந்தவர்களுக்கு முதல் முடிவு வியப்பளித்தது. 2010இல் ஷோனெபெக்கும் ஹௌக்கும் கணக்கீட்டின் வழியாக இதற்கு விளக்கம் அளித்தார்கள். ஒரே ஈனியைத் தாங்கிய பல்லேடியம், வினைப்பொருளை உருக்குலைப்பதற்கு எங்கே செலவு குறைவோ அங்கே, அதாவது கார்பன்–குளோரின் பிணைப்பில், நுழைகிறது. இரண்டு ஈனிகளைத் தாங்கிய பல்லேடியம் எலக்ட்ரான் செறிவு மிக்கது. அதற்கு எலக்ட்ரான் குறைந்த கார்பனுடனான ஈர்ப்பே முதன்மையாகிறது, அந்தக் கார்பன் டிரைஃபிளேட்டைத் தாங்கியது. கரைப்பானை முனைவுத்தன்மை மிக்கதாக மாற்றினால் டிரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீனே டிரைஃபிளேட்டின் பக்கம் சாய்வதும் பின்னர் காட்டப்பட்டது. ஆகவே ஈனியின் குணம் என்று நாம் எழுதிவைப்பதில் ஒரு பங்கு அது கரைந்திருக்கும் ஊடகத்தைச் சேர்ந்தது.

கொடுக்கிணைப்பு ஈனி பற்றிய உங்கள் எண்ணம் வீணானதன்று. 1989இலேயே வைஸ்மன் நிறுவனத்தில் மில்ஸ்டீனின் குழு, புரொப்பேன் சங்கிலியின் இரு முனைகளிலும் டைஐசோபுரொப்பைல்பாஸ்பினோ தொகுதிகளைக் கொண்ட ஈனியால் அரைல் குளோரைடுகளைக் கார்பனைலேற்றம் செய்தது. ஆனால் அதற்கு 150 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டியிருந்தது. 1998இல் எம்.ஐ.டி.யில் ஃபூ, புக்வால்ட் ஆகிய இருவரின் குழுக்களும் பருமனான, எலக்ட்ரான் செறிந்த ஒற்றைப் பாஸ்பீன்களை நாடியது இந்த இடைவெளியைக் கடக்கத்தான். அறை வெப்பநிலையில் குளோரைடுகளை இணைப்பது அதன் பிறகே வழக்கமான வேலையாயிற்று.

பதில் – நிறமாலைக்காரர்

குடுவை சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் எல்லாமே ஆக்சிஜனேற்றச் சேர்க்கையோடு (கார்பன்–குளோரின் பிணைப்புக்குள் உலோகம் நுழையும் படி) முடிந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுழற்சியின் கடைசிப் படியான ஒடுக்க நீக்கத்தில் இரண்டு தொகுதிகளும் ஒன்றோடொன்று இணைந்து வெளியேற, உலோகம் எலக்ட்ரான்களைத் திரும்பப் பெறுகிறது. அங்கே மிகையான கொடை உதவியாக இருக்காது, பருமன் மட்டும் உதவும். கொடுக்கிணைப்பு ஈனிகள் தம் மதிப்பைக் காட்டுவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான்.

இரண்டு பாஸ்பரஸ்களும் உலோகத்தில் அமைக்கும் கடிகோணத்தை விரிக்க விரிக்க, எதிர்ப்புறத்தில் இருக்கும் இரண்டு தொகுதிகளும் ஒன்றையொன்று நெருங்கித் தள்ளப்படுகின்றன. 1984இல் ஹயாஷி குழு, இருநிலை-பியூட்டைல் மக்னீசியம் குளோரைடையும் புரோமோபென்சீனையும் இணைத்தபோது, ஏறத்தாழ 99 டிகிரி கடிகோணம் கொண்ட ஃபெரோசீன் டைபாஸ்பீன், மற்ற பாஸ்பீன்கள் தந்த மாற்றியக் கலவைக்கு மாறாக, எதிர்பார்த்த இருநிலை-பியூட்டைல்பென்சீனை 95 சதவீதம் தந்தது. பீட்டா-ஹைட்ரஜன் (உலோகத்தோடு பிணைந்த கார்பனுக்கு அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜன்) நீங்குவதற்கு முன்பே ஒடுக்க நீக்கம் நடந்துவிட்டது. ஆல்கைல் தொகுதியும் சயனைடும் பல்லேடியத்திலிருந்து சேர்ந்து வெளியேறும் வினையில், கடிகோணத்தை 85 டிகிரியிலிருந்து 100 அளவுக்கு விரித்தபோது வேகம் பத்தாயிரம் மடங்கு கூடியதாக 1998இல் அளந்து காட்டினார்கள். பதினைந்து டிகிரிக்குப் பத்தாயிரம் மடங்கு என்பது, ஈனியை வரையும்போது ஒரு மெத்திலீன் கண்ணியைக் கூட்டுவதா வேண்டாமா என்று நாம் யோசிக்கும் அளவிலான மாற்றம்தான்.

அமினேற்ற வினையில் இன்னொரு காரணமும் சேர்கிறது. முதனிலை அமீன்களும் பிரிடின் போன்ற வளையங்களும் ஒற்றைப் பாஸ்பீனை உலோகத்திலிருந்து தள்ளிவிடக்கூடியவை. அங்கே ஹார்ட்விக்கின் குழு, டெர்ட்-பியூட்டைல் தொகுதிகளைத் தாங்கிய ஜோசிபாஸ் வகை (ஃபெரோசீன் சட்டகம் கொண்ட) டைபாஸ்பீனைக் கொண்டு குளோரைடுகளையே மிகக் குறைந்த வினையூக்கி அளவில் இணைத்தது. இறுகப் பிடிக்கும் ஈனி என்ற உங்கள் கருத்து அந்த வினைக்கு முழுவதும் பொருந்துகிறது. போரானிக் அமிலத்துக்கு அத்தகைய இறுக்கம் தேவைப்படுவதில்லை.

ஒரு சிறு குறிப்பு: நீங்கள் எடுத்திருக்கும் 4-குளோரோஅனிசோல், மெத்தாக்சி தொகுதியால் வளையம் செறிவூட்டப்பட்டது என்பதால், குளோரைடுகளிலும் கடினமான ஒன்று. எலக்ட்ரானை இழுக்கும் தொகுதி கொண்டதால் எளிதில் வினைபுரியும் 4-குளோரோஅசிட்டோபினோனை வைத்து ஓர் ஈனியை மதிப்பிட்டவர்களின் முடிவை இதற்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

பதில் – கண்ணாடிப்பெட்டி

கோட்பாட்டை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கையாளுதல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீன் காற்றில் தானாகவே தீப்பற்றக்கூடியது; அதைத் திறந்த மேசையில் எடுக்கக் கூடாது. ஃபூவின் குழு 2001இல் காட்டியபடி, அதன் டெட்ராபுளோரோபோரேட் உப்பை வாங்கிக்கொண்டால் புட்டியைச் சாதாரண அலமாரியிலேயே வைக்கலாம். வினையில் இருக்கும் காரமே பாஸ்பீனை விடுவித்துத் தரும். அதைவிட, உங்கள் வினைக்கு எஸ்பாஸ் அல்லது எக்ஸ்பாஸ் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். இவற்றில் பாஸ்பரஸின்மேல் இரண்டு சைக்ளோஹெக்சைல் தொகுதிகளும் ஒரு பைபினைல் சட்டகமும் இருக்கின்றன. கீழ் வளையம் பல்லேடியத்தின் அடியில் வந்து நின்று, தன் பை எலக்ட்ரான்களால் அந்த ஒற்றை ஈனி அணைவைத் தாங்குகிறது. அந்த வளையத்தின் ஆர்த்தோ இடங்களில் எஸ்பாஸுக்கு மெத்தாக்சியும் எக்ஸ்பாஸுக்கு ஐசோபுரொப்பைலும் வைத்திருப்பது பருமனைக் கூட்டுவதற்காக மட்டுமன்று. அந்த இடத்தில் ஹைட்ரஜன் இருந்தால் பல்லேடியம் அதைப் பிடித்து வளையமாகி, சுழற்சியிலிருந்து விலகிவிடும். மேலும் இவை காற்றில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை என்பது ஆய்வகத்தில் பெரிய வசதி.

பல்லேடியத்தின் மூலத்தையும் கவனியுங்கள். டைபென்சிலிடின் அசிட்டோன் அணைவாக விற்கப்படும் பல்லேடியத்தில், சில மாதிரிகளில் 40 சதவீதம் வரை நானோதுகள்கள் இருக்கக்கூடும் என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, ஈனிக்கும் உலோகத்துக்குமான விகிதம் என்று நீங்கள் குறிப்பேட்டில் எழுதுவது குடுவைக்குள் இருப்பதாகாது. புக்வால்ட் குழுவின் மூன்றாம் தலைமுறை முன்வினையூக்கியில் ஒரு பல்லேடியத்துக்கு ஒரே பாஸ்பீன் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. காரம் பட்டதும் கார்பசோல் வெளியேறி, தேவையான ஒற்றை ஈனி பல்லேடியம் மிஞ்சுகிறது. வினைக்கலவையின் ஜி.சி.யில் (வாயு நிறப்பிரிகையில்) அந்தக் கார்பசோலின் சிறு சிகரம் தென்பட்டால் அதை மாசு என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

பழைய டிரைபினைல்பாஸ்பீன் புட்டியைப் பயன்படுத்துவதாயின் முதலில் பாஸ்பரஸ் என்.எம்.ஆர். எடுத்துப் பாருங்கள். சுமார் −5 பிபிஎம்மில் வர வேண்டிய குறிக்குத் துணையாக 25 முதல் 30 பிபிஎம்முக்குள் இன்னொன்று நின்றால், அது ஆக்சைடு.

வேதிமாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. எஸ்பாஸ் முன்வினையூக்கியை வரவழைக்கிறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: இதே தர்க்கத்தை நிக்கலுக்கும் அப்படியே கொண்டுபோகலாமா? எங்கள் நெறியாளர் அடுத்த கட்டத்தில் பல்லேடியத்தைக் கைவிட விரும்புகிறார்.

பதில் – குடுவை

அப்படியே கொண்டுபோகக் கூடாது. நிக்கல் பல்லேடியத்தைவிடச் சிறிய அணு; நிக்கல்–பாஸ்பரஸ் பிணைப்பும் குறுகியது. ஆகவே ஈனியின் பருமன் உலோகத்துக்கு அருகில் குவிந்திருந்தால், போரானிக் அமிலத்தின் அரைல் தொகுதிக்கு உட்கார இடமே இருக்காது. 2017இல் டாயிலின் குழு நிக்கலுக்காக வடிவமைத்த பாஸ்பீன்களில் கூம்புக் கோணம் பெரிதாகவும், உலோகத்தைச் சுற்றி 3.5 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கோளத்தில் ஈனி அடைத்துக்கொள்ளும் கன அளவின் சதவீதம் சிறிதாகவும் இருந்தது. அதாவது பருமன் தொலைவில் இருந்தது, அருகில் இல்லை. வழக்கமாக இவ்விரண்டு அளவீடுகளையும் ஒரே பொருளின் இரு பெயர்களாக நாம் கருதிவிடுகிறோம். நிக்கல் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அத்துடன், பூச்சிய நிலை நிக்கலும் இரண்டாம் நிலை நிக்கலும் ஒன்றோடொன்று வினைபுரிந்து முதல் நிலை நிக்கலைத் தரக்கூடும். பல்லேடியத்தில் நீங்கள் பொதுவாகக் கணக்கில் கொள்ளாத ஒற்றை எலக்ட்ரான் பாதை அங்கிருந்து தொடங்கலாம்.

நெறியாளரிடம் பேசும்போது, எஸ்பாஸின் நிக்கல் அணைவைத் தொடக்கமாக முன்மொழியாதீர்கள். டிரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீன் இரண்டைத் தாங்கிய, காற்றில் நிலையான இரண்டாம் நிலை நிக்கல் குளோரைடு அணைவு எளிதில் கிடைக்கிறது. ஒப்பீட்டுக்கு அதை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கூம்புக் கோணத்தையும் கன அளவுச் சதவீதத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய இரண்டு மூன்று ஈனிகளை அடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.