150 பேர் கெமிஸ்ட்ரி வகுப்பு, 5 எல்.ஏ.: எப்படிப் பயன்படுத்துவது?

பென்சீன்வளையம் (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், முதலாண்டு பொது வேதியியல். 150 மாணவர்கள், வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். படிக்கட்டு ஹால், நாற்காலிகள் தரையோடு போல்ட் போட்டவை. இதே பாடத்தை முன்பே முடித்த 5 இளங்கலை மாணவர்கள் வரும் செமஸ்டரில் லேர்னிங் அசிஸ்டென்டாக (எல்.ஏ.) வருகிறார்கள்.

ஒர்க்‌ஷீட்டைக் கொடுத்துவிட்டு எல்.ஏ.க்களைச் சுற்றி வரச் சொன்னால், கை தூக்கும் இடத்துக்கு ஓடி விடையைச் சொல்லிவிட்டு வருவார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. வாராந்திரக் கூட்டத்தில் அவர்களோடு என்ன செய்ய வேண்டும்? இந்த ஹாலில் எப்படி நடமாட விடுவது? குவிஸ் திருத்தும் வேலையைக் கொடுக்கலாமா?

மோல்கணக்கு

கூட்டத்தில் விடைத்தாளைக் கொடுக்காதீர்கள். விடை கையில் இருந்தால் அது வாயில் வந்துவிடும். ஒரு மணி நேரக் கூட்டத்தில் முதல் 10 நிமிடம் அவர்களே தனித்தனியாகக் கணக்கைப் போடட்டும். அடுத்து, "இதில் எத்தனை விதமாகத் தப்பு வரும்?" என்று பலகையில் எழுத வையுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் எதிரே, அந்த மாணவரிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி. எல்.ஏ. வகுப்புக்கு எடுத்துப்போக வேண்டியது அந்தப் பட்டியல்தான்.

உதாரணத்துக்கு, எந்த வினைபொருள் முதலில் தீரும் என்ற கணக்கு. 10 கிராம் ஹைட்ரஜன், 64 கிராம் ஆக்சிஜன், தண்ணீர் உருவாகிறது. அதாவது 5 மோல் ஹைட்ரஜன் (மோலுக்கு 2 கிராம்), 2 மோல் ஆக்சிஜன் (மோலுக்கு 32 கிராம்); மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு. 2 மோல் ஆக்சிஜனுக்கு 4 மோல் ஹைட்ரஜன் போதும்; ஆகவே ஆக்சிஜன்தான் தீரும், 72 கிராம் தண்ணீர் வரும், 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும்.

கிராமை மட்டும் ஒப்பிடுபவர் ஹைட்ரஜன் என்பார். அவரைக் கண்டுபிடிப்பது எளிது. ஆபத்தானவர் இன்னொருவர்: 5-ஐவிட 2 சின்னது, அதனால் ஆக்சிஜன் என்று சொல்பவர். விகிதத்தையே தொடவில்லை, ஆனால் விடை சரி! பயிற்சியில்லாத எல்.ஏ. "சூப்பர்" சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இப்போது ஆக்சிஜனை மட்டும் 96 கிராம் ஆக்குங்கள். 5 மோல், 3 மோல். 3 மோல் ஆக்சிஜனுக்கு 6 மோல் ஹைட்ரஜன் வேண்டும், இருப்பது 5. தீருவது ஹைட்ரஜன். மோலை மட்டும் ஒப்பிட்டவர் இங்கே மாட்டுவார். கிராமை ஒப்பிட்டவர் தப்பான காரணத்தோடு சரியான விடைக்கு வந்துவிடுவார். ஒரு கணக்கு மட்டும் கொடுத்தால் யாரோ ஒருவர் தப்பித்துவிடுவார் என்பதால் இரண்டையும் ஒர்க்‌ஷீட்டில் அடுத்தடுத்து வையுங்கள். எல்.ஏ.க்குச் சொல்ல வேண்டிய விதி ஒன்றே: விடை சரியானாலும் தப்பானாலும் முதல் கேள்வி "எப்படி வந்தது?"

கடைசிபெஞ்ச்

ஹால் விஷயம். 225 இருக்கைக்கு மேல் இருந்தால் இரண்டு வரிசை நிரப்பி மூன்றாவதைக் காலியாக விடுங்கள். முதல் நாளே டேப் ஒட்டி அடைக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் மாற்றச் சொன்னால் நடக்காது. நாலு பேர் குழு, முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி உட்கார, பின்வரிசையில் இரண்டு பேர். காலி வரிசை வழியாக எல்.ஏ. எந்தக் குழுவையும் எட்டலாம். அத்தனை இடம் இல்லையென்றால் நடைபாதைக்கு எட்டாத குழுக்களுக்குச் சிவப்பு (உதவி வேண்டும்), பச்சை (வேலை ஓடுகிறது) அட்டை கொடுங்கள்.

எல்.ஏ. ஒருவருக்கு 30 மாணவர்கள், அதாவது 7 அல்லது 8 குழு. 8 நிமிட வேலை கொடுத்தால் குழுவுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். 5 நிமிடத்துக்குள் முடிகிற வேலைக்கு "எல்லாரையும் பாருங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. ஆளுக்கு ஒரு பகுதி பிரித்து, முதல் சுற்றில் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் எல்லாக் குழுவையும் தொட வையுங்கள். இல்லையென்றால் தெரிந்த முகங்களைச் சுற்றியே நிற்பார்கள், மூலையில் இருப்பவர்கள் செமஸ்டர் முழுக்க ஒருமுறைகூடப் பேசாமல் போய்விடுவார்கள். பகுதியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

குழுவிடம் போனதும் குனிந்தோ உட்கார்ந்தோ கண்மட்டத்துக்கு வர வேண்டும். மாணவரின் பேனாவைத் தொடவே கூடாது. கேள்வி கேட்டபின் மனசுக்குள் ஐந்து எண்ணட்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், 3 விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களிலேயே காட்டிவிட்டார்.

வாக்குச்சீட்டு

குவிஸ் திருத்தும் வேலை வேண்டாம். மதிப்பெண் போடுகிற ஆளிடம் யாரும் "எனக்கு மோல்னா என்னன்னே புரியல" என்று சொல்ல மாட்டார்கள். எல்.ஏ.யின் மதிப்பே அந்த வாக்கியத்தைக் கேட்க முடிவதில்தான் இருக்கிறது. தவிர, மதிப்பெண்ணைச் சக மாணவர் பார்க்கும்போது 1974-ன் கல்விப் பதிவுகள் தனியுரிமைச் சட்டமும் குறுக்கே வரும்.

மேலே இருப்பவர்கள் விட்ட ஒன்று: கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2001-ல் தொடங்கிய எல்.ஏ. முறைக்கு மூன்று கால். பாட ஆசிரியரோடு வாராந்திரக் கூட்டம், வகுப்பில் வேலை, கற்பித்தல் பற்றிய தனி செமினார். செமினாரை வெட்டினால் வருவது மலிவான டியூஷன். கேள்வி கேட்கும் விதம், குழுவில் ஒருவரே பேசினால் என்ன செய்வது என்பதெல்லாம் அங்கேதான் பழகும். வாரம் ஒரு மணி நேரம் எப்படியாவது ஒதுக்குங்கள்.

75 நிமிடத்தில் 65 நிமிடம் நீங்களே பேசினால் ஐந்து பேரும் சுவரோரம் நிற்பார்கள். அதனால் முதலில் உங்கள் பாடத்திட்டத்தை வெட்டுங்கள். 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014 கட்டுரையில் வெறும் விரிவுரையில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் ஈடுபடும் வகுப்பில் 21.8. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் முறையில் (தனியாக விடைக்கு வாக்களித்து, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, மறுபடி வாக்களிப்பது) கேள்வி வைத்தால், முதல் வாக்கில் சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும்போதுதான் குழு விவாதத்தில் பலன். அதற்குக் கீழே என்றால் நீங்களே திரும்ப விளக்குங்கள். மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லி நகருங்கள்.

பென்சீன்வளையம்

மிக்க நன்றி. இரண்டு கணக்கு உத்தியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரே சந்தேகம்: எல்.ஏ.யே தப்பாகச் சொல்லிவிட்டால்?

மோல்கணக்கு

கட்டாயம் நடக்கும். "உறுதியாகத் தெரியல, கேட்டுட்டு வரேன்" என்று சொல்ல முதல் கூட்டத்திலேயே பழக்குங்கள், ஒருவரையொருவர் வைத்து ஒத்திகை பார்க்கட்டும். தப்பாகச் சொன்னது தெரிந்தால் அன்றைய வகுப்பு முடிவதற்குள் அதே குழுவிடம் போய் எல்.ஏ.யே திருத்த வேண்டும், நீங்கள் போகக் கூடாது. நாலைந்து குழுவுக்குப் பரவியிருந்தால் மட்டும், யார் சொன்னது என்று குறிப்பிடாமல் மைக்கில் சொல்லுங்கள்.