நாற்காலியும் கையெழுத்தும்

மதுரை மாவட்டத்து ஊராட்சிகளைப் பற்றி மூன்று பக்கத்து ஆட்கள் பேசியது.

உசிலம்பட்டிப் பக்கம்:
பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றிலும் 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. 2006 அக்டோபர் வரை ஒரு தலைவரும் நிலைக்கவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் இருக்காது. இருந்து ஜெயித்தாலும் பதவியேற்ற கையோடு ராஜினாமா. சாதிவெறி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் பிடிபடும். 'ஊருக்குப் பெரியவன்' என்கிற நினைப்பில் கை வைத்ததும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் சரி, தேர்தலே வேண்டாம் என்று ஆதிக்க சாதியார் நின்றார்கள்.

மேலூர்ப் பக்கம்:
அண்ணே, மேலவளவை விட்டுட்டீங்களே. 1997 ஜூன் 30-ல் அந்த ஊராட்சியின் பட்டியல் சாதித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பிற்பாடு வந்த தலைவர்களை முடக்கக் கையெழுத்தே போதுமாகிவிட்டது. ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவரும் ஒப்பமிட வேண்டும். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதனால் அவர் ஆதிக்க சாதி ஆளாக இருந்துவிடலாம். மோட்டார் ரிப்பேர் பில்லில் அவர் ஒப்பமிடாமல் இழுத்தடித்தால் குழாயில் தண்ணீர் வராது. ஏச்சு விழுவதோ தலைவருக்கு. 'நம்மாளுக்கு ஓட்டுப் போட்டு என்னத்தக் கண்டோம்' என்ற சலிப்பு அங்கேதான் தொடங்குது. வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. பில், மதிப்பீடு, மன்றத் தீர்மான நகல் மூன்றையும் இணைத்து பி.டி.ஓ.வுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆட்சியருக்கும் மனுக் கொடுத்து ரசீது வாங்கணும்.

வாடிப்பட்டிப் பக்கம்:
கிராம சபையைச் சொல்றேன். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்பது குறைவெண், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வரணும். கணக்கை நிரப்ப நூறு நாள் வேலைக்காரர்களைக் கூட்டிவந்து, தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்தோ ரேகையோ வாங்கிவிடுவார்கள். அப்படி ரேகை வைத்த அக்கா அடுத்த கூட்டத்துக்கு ஏன் வரப்போகிறார்? தீர்மானத்தை வாசித்துக் காட்டி, கேட்டவர் பெயரையும் அவர் கேட்டதையும் எழுதிய பிறகு அடியில் ஒப்பம் வாங்க வேண்டும். முன்வரிசைக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தார்ப்பாய் என்றால் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வராது. எல்லாருக்கும் ஒரே ஜமுக்காளம் விரியுங்கள், பேச்சு தானாக வரும் (தலைவருக்கும் அதேதான், முழங்கால் வலி என்று யாராவது சொன்னாலொழிய).

அழைப்பு விஷயம்: தண்டோரா போடுவதை 2022-ல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது ஆட்டோவில் மைக். அந்த ஆட்டோ மெயின் ரோட்டோடு போய்விடுகிறதா, காலனித் தெருவுக்குள்ளும் திரும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.