மறுமொழி: வரைபடப் பரிமாற்றமா, பெயர்ப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுப் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆட்டோகேட் என்ற வரைதல் மென்பொருளில் போட்ட இருபரிமாணப் படத்தை, லிப்ரேகேட் போன்ற வேறொரு வரைதல் மென்பொருளிலோ வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளிலோ திறக்கும்படி மாற்றித் தருவதற்கு இன்னும் சொல் அமையவில்லை. மூன்று நாள் மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> பரிமாற்றத்தில் உள்ள ‘பரி’ வடமொழி முன்னொட்டு. ‘மாறு’ போதும். அகநானூறு 140-இல் உப்பு விற்கும் உமணர் மகள் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பெனச் சேரிவிலை மாறு’ கூறுகிறாள். எனவே ‘படமாறு’.

அருமையான பாட்டு, ஐயா. ஆனால் அங்கே உப்பு போகிறது, நெல் வருகிறது. நம் படமோ அனுப்பிய பிறகும் என் கணினியிலேயே இருக்கிறது. பதிலுக்கு எதுவும் வருவதில்லை. ‘படமாறு’ என்று அச்சில் பார்க்கும் மாணவன் ‘படுமாறு’ பிழையாகிவிட்டது என்றுதான் நினைப்பான். சோறு பரிமாறு என்று தினமும் வீட்டில் சொல்கிறோம், அதை வடமொழி என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

> பரிமாற்றம் எல்லாருக்கும் புரியும். பிறகென்ன தயக்கம்?

கொடுத்தது கொடுத்தபடியே போய்ச் சேரும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் தருகிறது. அதுதான் தயக்கம். படத்தை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோக 1982-இல் ஆட்டோகேடின் முதல் பதிப்போடு வந்த டிஎக்ஸ்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். 8 என்று ஒரு வரி, அடுத்த வரியில் லேயரின், அதாவது பட அடுக்கின், பெயர். 10, 20-க்கு அடுத்து கோடு தொடங்கும் புள்ளி, 11, 21-க்கு அடுத்து முடியும் புள்ளி. படம் முழுவதையும் இப்படி வரிவரியாகச் சொல்லி எழுதியிருக்கும். மறுபக்கம் அதைப் படித்துத் திரும்ப வரைகிறார்கள். டிஎக்ஸ்எஃபின் பழைய ஆர்12 பதிப்பில், புள்ளிகளை ஒட்டி நெளிந்து போகும் ஸ்பிளைன் என்ற வளைகோட்டுக்கு இடமே கிடையாது, அந்த வளைவெல்லாம் குட்டிக் குட்டி நேர்கோடுகளாகிவிடும். அதில் அலகைச் சொல்லவும் வழியில்லை. பிந்தைய பதிப்புகளில் தலைப்பகுதியில் 4 இருந்தால் மில்லிமீட்டர், 1 இருந்தால் அங்குலம்.

போன மாதம் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் வட்டத் தகடு) ஒன்றின் படத்தை லேசர் பட்டறைக்கு ஆர்12-இல் அனுப்பினேன். அங்கே அங்குலமாகத் திறந்திருக்கிறார்கள். ஆபரேட்டர் போன் செய்து, “சார், 2540 காட்டுது. ஷீட்டே 2500 தான், இதை எங்க வைக்கிறது?” என்றார். ஷீட்டுக்குள் அடங்காததால் தெரிந்தது. அதுவே 10 மில்லி வாஷராக இருந்தால் 254-இல் வெட்டி முடித்திருப்பார்.

இதனால்தான் ‘பெயர்ப்பு’ என்கிறேன். தொல்காப்பிய மரபியலில் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று வருகிறதே, அந்தப் பெயர்த்தல். மொழிபெயர்ப்பில் சில தங்கும், சில போகும் என்று மாணவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

> சரி, ‘வரைவுப் பெயர்ப்பு’ என்றே வைக்கலாமே?

வைக்கலாம், அம்மா. ஆனால் அகப்பாடல் படித்தவருக்கு வரைவு என்றால் திருமணம். வரைவு கடாதல் என்று தனித் துறையே இருக்கிறது. அரசு அலுவலகத்தில் அது வரைவு அறிக்கை. வரைபடம் என்றாலோ பள்ளியில் இந்திய வரைபடம். இந்த இரண்டில் வரைபடம்தான் பொறியியல் படத்துக்கு ஓரளவு பழகியிருக்கிறது.

பெரும்பாலோர் பரிமாற்றம் என்று சொல்லிவிட்டீர்கள். நாளும் இல்லை. தலைப்பில் ‘வரைபடப் பரிமாற்றம்’ என்றே போடுகிறேன். அலகும் வளைவும் மாறிப்போவதைச் சொல்லும் பகுதியில் மட்டும் ‘பெயர்ப்பு’ இருக்கும். அதைக் கைவிட எனக்கு விருப்பமில்லை.

அப்புறம், ஸ்பிளைனுக்கு இப்போதைக்கு ‘நெளிகோடு’ என்று எழுதியிருக்கிறேன். அதைவிட நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.